வடக்குக் கரையை வெட்டிய நாள்

"மேடம், மடைக்குப் பொறத்த ஒரு ஊத்து பொங்குது," என்றார் ஞானதாசன் போனில். "வெள்ளம் கலங்கி வருது."

ரெஜிலா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டாள். "எவ்வளவு கலக்கம்?"

"பால் விட்ட சாயா மாதிரி."

மணி ஆறே முக்கால். ஐப்பசி முடியும் நேரம், மூன்றாவது நாளாக மழை. பக்கத்து வீட்டுக் கூரை கூட சன்னல் வழியாகச் சரியாகத் தெரியவில்லை. அவள் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளும்போது அம்மா புட்டு வைத்த தட்டோடு வாசலுக்கு வந்தாள். ரெஜிலா திரும்பிப் பார்க்கவில்லை.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்று பொருள். உள்ளே ஒரு பொந்து உண்டாகி, வெளியிலிருந்து குளத்தை நோக்கி அரித்துக்கொண்டே போகும். கல்லூரியில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி. ரெஜிலா படம் வரைந்து எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அந்தப் படத்தில் கரைக்குக் கீழே வீடுகள் இல்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கருங்கல் என்ற ஊரைச் சுற்றி நாற்பத்து மூன்று குளங்களைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர். அவற்றில் பெரியது பனவிளாகம் குளம். வடக்கு தெற்காகக் கிடக்கும் கரை, முக்கால் கிலோமீட்டர் நீளம். தென்பகுதியில் மடை. அந்த மடைக்கு நேர் கீழே, ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில், தாழவிளை என்று அறுபத்திரண்டு வீடுகள். வடக்குக் கோடிக்குக் கீழே நாற்பது ஏக்கர் நெல்வயல். ஏலா என்றால் வயல்வெளி; அதைக் கீழேலா என்பார்கள். மடைக்கு அடியில் கரைக்குள் போகும் கருங்கல் குழாய் நூறு வருடம் பழையது, தோண்டிப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ரெஜிலா இரண்டு வருடம் முன்பே மதிப்பீடு எழுதி அனுப்பியிருந்தாள். கோப்பு இரண்டு தடவை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை திரும்பி வரவில்லை.

ஞானதாசன் குடையில்லாமல் மடையடியில் நின்றார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் கரையைக் காவல் பார்ப்பதும் அவர் வேலை. துறையில் அவரை லஸ்கர் என்பார்கள். அவர் காட்டிய இடத்தில், கரையின் அடிவாரத்திலிருந்து நான்கடி தள்ளி, தரையிலிருந்து தண்ணீர் குமிழ்விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் செம்மண் ஒரு சிறு மேடாகக் குவிந்திருந்தது. ரெஜிலா குனிந்து கையை விட்டாள். முழங்கை வரை போனது. விரல்களில் மண் உரசிக்கொண்டு ஓடியது.

"எப்ப பாத்திய?"

"அஞ்சரைக்கு. அப்ப வெரலு தண்டிதான் இருந்து."

குளத்தில் மடையடியில் பதினாலு அடி தண்ணீர். கரை உச்சிக்கு இன்னும் இரண்டேகால் அடிதான் பாக்கி. மறுகால் வழியாக உபரி போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை. குளத்தில் மீன் பிடிக்கப் பாட்டம், அதாவது குத்தகை, எடுத்த ஆன்றோ, மீன் போய்விடாமலிருக்க அங்கே வலையும் மூங்கிலும் அடித்து வைத்திருந்தான். ரெஜிலா போய் நின்று அதை அறுக்கச் சொன்னாள். ஆன்றோ மறுபேச்சுப் பேசாமல் தானே இறங்கி அறுத்தான். ஆனாலும் பெரிய பலன் இல்லை. மறுகாலுக்குக் கீழே ஓடை வரவரக் குறுகி, தாழவிளைக்குப் பின்னால் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி நின்றது.

எட்டரைக்கெல்லாம் இருபது பேர் சேர்ந்து ஊற்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் உயர்ந்து நின்றால், அந்த எடையே கீழிருந்து வரும் வேகத்தை அமர்த்தும். மூன்றடி உயரம் வந்ததும் குமிழ் அடங்கியது. கலக்கமும் குறைந்தது. யாரோ தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ரெஜிலா அதை வாயில் வைக்கும் நேரத்தில் ஞானதாசன் பத்தடிக்கு அப்பால் நின்று, "மேடம், இஞ்ச ஒண்ணு," என்றார்.

அடுத்த கால் மணி நேரத்தில் மூன்றாவது ஊற்று தெரிந்தது.

அவள் மேலதிகாரிக்கு ஐந்து தடவை பேசினாள். ஐந்தாவது தடவை அவர் சொன்னார்: "நான் பேச்சிப்பாறை பக்கம் நிக்கிறேன்மா, இங்க ஆத்துல தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு. நீ மூட்டை போட்டுக் காப்பாத்து. கரையை வெட்டுறதுக்கெல்லாம் வாய்மொழியா நான் சொல்ல முடியாது. மேல கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

"சார், அதுவரைக்கும் நிக்காது."

"நிக்கும். பதறாத."

தாழவிளையைக் காலி செய்யச் சொல்லி ஷஹீர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சுற்றினான். அவன் அந்த வார்டு உறுப்பினர். குழந்தைகளும் பெண்களும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போகாதவர்களும் நிறைய இருந்தார்கள். பீரோவை விட்டு வர மாட்டோம் என்றார்கள் சிலர். ஒரு வீட்டில் டயாலிசிஸ் செய்துவிட்டு வந்து படுத்திருக்கும் ஆள். கரைக்கு மிகப் பக்கத்திலிருந்த வீட்டில் பல்கீஸ் பீவி தனியாக இருந்தாள். இரண்டு மகன்களும் சவுதியில், தமாமில். ரெஜிலாவே போய்க் கதவைத் தட்டினாள்.

"நான் கெட்டிக்கிட்டு வந்து நாப்பத்தி நாலு வருசம்," என்றாள் பல்கீஸ் பீவி சன்னல் வழியாக. "இந்தக் கரை அனங்கினதில்ல. நீ எந்த ஊருக்காரி?"

"மார்த்தாண்டம் பக்கம், உம்மா. கொஞ்ச நேரத்துக்குத்தான். மழை விட்டதும் நானே கொண்டு விடுகேன்."

"என்னால நடக்க ஏலாது."

"தூக்கிட்டுப் போறோம்."

"அன்னிய ஆளு தொடாண்டாம்."

கதவு திறக்கவில்லை. ரெஜிலா அந்தச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். கரை அந்த வீட்டுக் கூரையைவிட ஆறடி உயரமாக இருந்தது. அதற்கு அப்பால் அறுபது ஏக்கர் தண்ணீர். வீட்டுக்குள் ஒரு குக்கர் விசில் அடித்தது.

பத்தே முக்காலுக்குக் கரையின் உச்சியில், மடைக்கு நேர் மேலே, பனையோலைப் பெட்டி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. மழையில் கரைந்த பள்ளம் இல்லை, மேல் மண் கீழே இறங்கியிருந்தது. ஞானதாசன் ஒரு கம்பை அதற்குள் விட்டார். ஆறடிக் கம்பு தடையில்லாமல் இறங்கியது. அவர் ரெஜிலாவைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். கரைக்குள் உண்டான பொந்தின் மேற்கூரை இடிந்து உள்ளே விழத் தொடங்கியிருந்தது. இனி மூட்டையால் ஆகாது. இன்னும் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான்.

ஷஹீரிடம் கேட்டாள். முப்பத்தைந்து வீடு காலியாகியிருக்கிறது என்றான். மிச்சம் இருபத்தேழு.

குளத்து மட்டத்தை உடனே இறக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வடக்குக் கோடியில் கரை தாழ்வு. அங்கே ஆறு மீட்டர் அகலத்தில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் கீழேலாவில் இறங்கி, வயல்களைத் தாண்டி ஆற்றோடையில் சேரும். நனைந்த டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு அடி இறங்கும். வெட்டின பக்கங்களில் மூட்டை அடுக்கினால் அகலம் கூடாமல் நிறுத்தலாம். நாற்பது ஏக்கர் பயிர் போகும். நட்டு ஒரு மாதமான, மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல்.

காலையில் மூட்டைக்கு மண் அள்ள வந்த ஜேசிபி அங்கேதான் நின்றது. அதை வடக்கே கொண்டுபோகச் சொன்னாள்.

வடக்குக் கரையில் ஞானசிங் நின்றுகொண்டிருந்தார். கரைக்குக் கீழே முதல் வயல், மூன்று ஏக்கர், அவருடையது. விடிந்ததிலிருந்து தெற்கே மூட்டை சுமந்த ஆள்களில் அவரும் ஒருவர். தோளில் செம்மண் வழிந்துகொண்டிருந்தது. ஜேசிபி வருவதைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இஞ்ச வேண்டாம்," என்றார்.

"வேற வழியில்ல அண்ணாச்சி."

"மறுகால்ல வலை கெட்டியிருக்கான்னு ரெண்டு வருசமா நான் மனு எழுதித் தந்தேனா இல்லியா?"

"தந்திய."

"ஓடையில மதிலு கெட்டுகானுவன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய. நானும் மேல எழுதினேன்."

"நீங்க எழுதினிய, நான் எழுதினேன். இப்ப எனக்க வயலுதான் கெடச்சுதா?" அவர் குரலை உயர்த்தவில்லை. மழையில் அவள் அருகே போய்தான் கேட்க வேண்டியிருந்தது. "அவனுவ வயல மண்ணு போட்டு நெகத்தி வீடு வச்சானுவ. நான் வயல வயலாட்டு வச்சிருக்கேன். அதுக்குத்தானா இது?"

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. "அண்ணாச்சி, அங்க இருபத்தேழு வீட்டுல ஆளு இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

ஞானசிங் கரையின் குறுக்கே, ஈர மண்ணில், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

ஜேசிபியை ஓட்டியவன் அபின். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். "மேடம், எழுதித் தாங்க. நாளைக்கு கேஸ் வந்தா வண்டியப் பிடிச்சு வச்சிருவாங்க. ஒங்க பேரு போட்டுத் தாங்க, வெட்டுகேன்."

அவள் டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மழைச்சட்டைக்குள் குனிந்து எழுதினாள். பனவிளாகம் குளத்தின் வடக்குக் கரையை, என் சொந்தப் பொறுப்பில், ஆறு மீட்டர் அகலம் வெட்ட உத்தரவிடுகிறேன். தேதி, நேரம், கையெழுத்து. மழைத்துளி விழுந்து மை கலைந்ததில் ரெஜிலா என்ற பெயரை இரண்டாவது தடவை திருத்தி எழுத வேண்டியிருந்தது. அபின் அதை வாங்கி பாலித்தீன் உறையில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தான்.

"கீழேலாவுல ஆளு யாராவது உண்டுமா?" என்று ஞானதாசனிடம் கேட்டாள்.

"நான் நடந்து பாத்தாச்சு. சத்தமும் போட்டேன். ஆரும் இல்ல."

"இன்னொரு தடவ பாருங்க."

அவர் கரையோரமாக ஓடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை அசைத்தார். நாலு பேர் சேர்ந்து ஞானசிங்கைத் தூக்கினார்கள். அவர் திமிறவில்லை. தூக்கியவர்கள் எல்லாம் காலையில் அவரோடு மூட்டை சுமந்தவர்கள். அவர்களில் ஒருவன் அழுதுகொண்டே தூக்கினான்.

பதினொன்று நாற்பதுக்கு ஜேசிபியின் கை கரையில் இறங்கியது.

முதல் தண்ணீர் அமைதியாகத்தான் போனது. முழங்கால் அளவு ஓடை மாதிரி சரிவில் இறங்கி, நெல்லின் மேல் பரவியது. ரெஜிலா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்கள் இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள். ஏழு நிமிடம் அப்படிப் போனது. எட்டாவது நிமிடம் வலது பக்கத்து மூட்டைகள் ஒன்றாகச் சரிந்து காணாமல் போயின. அவற்றோடு கரையும் இரண்டு மீட்டர் போனது. உள்ளே தெரிந்தது களிமண் இல்லை. வெறும் மணல். எப்போதோ அந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது. அடைத்தவர்கள் மணலைக் கொட்டி, மேலே மட்டும் செம்மண் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

"தள்ளி நில்லுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்று அவள் கத்தினாள். அபின் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். பத்து மீட்டர். பதினைந்து மீட்டர். தண்ணீரின் நிறம் மாறியது, சத்தமும் மாறியது. நின்ற நிலம் காலுக்கடியில் அதிர்ந்தது. ஆறு மீட்டர் என்று எழுதிக்கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது. நிறுத்த அவளிடம் ஒன்றும் இல்லை. உலகத்தில் உள்ள எல்லா மூட்டையையும் போட்டாலும் இனி அது நிற்காது.

அப்போதுதான் ஞானசிங் எழுந்து கரையின் விளிம்புக்கு ஓடினார். பிறகு அவர் எழுப்பிய சத்தத்தை ரெஜிலா அதுவரை எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

கீழேலாவின் நடுவில், அவருடைய மோட்டார் ஷெட்டின் கான்கிரீட் கூரையில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய மனைவி தேவகனி. கரையில் ஜேசிபி போவதை வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, மோட்டாரைக் கழற்றி மேலே வைக்கலாம் என்று குறுக்குவழியில் வந்திருக்கிறாள். ஷெட்டுக்குள் இருந்ததால் ஞானதாசனின் சத்தமும் கேட்கவில்லை, அவர் கண்ணிலும் படவில்லை. இப்போது ஷெட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர், சன்னல் உயரத்துக்கு.

"நான் பாத்தேன் மேடம்," என்றார் ஞானதாசன். "ரெண்டு தடவ பாத்தேன்."

ரெஜிலாவின் மனது கணக்குப் போட்டது. செங்கல் சுவர், நாலரை அங்குலம். அடித்தளம் ஒன்றரை அடிதான் இருக்கும். சுற்றிலும் மண் அரிக்கிறது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

ஞானசிங் தண்ணீரில் குதிக்கப் போனார். மூன்று பேர் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். அபின் வண்டியிலிருந்து கத்தினான். "ஏலா ரோடு சிமென்ட் ரோடுல்லா? அது ஷெட்டுக்குப் பக்கத்துலதான போவுது?"

"ரோடு தெரியல்லியே," என்றாள் ரெஜிலா.

"கரண்ட் கம்பத்த பாத்துப் போலாம். கம்பம் ரோட்டுக்கு இடது பக்கம்."

போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு உத்தரவு கொடுத்து முடிந்து இருபத்தைந்து நிமிடம் கூட ஆகவில்லை. அபின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உத்தரவுக்குக் காத்திருக்காமல் வண்டியைத் திருப்பினான். ஞானசிங் முன்பக்கத்து வாளியில் ஏறி நின்றுகொண்டார். வண்டி ஊரைச் சுற்றி மேட்டுப் பக்கமாக வந்து ஏலா ரோட்டில் இறங்கியது. சக்கரம் முழுகி, வண்டியின் மஞ்சள் உடம்பு மட்டும் கம்பம் கம்பமாக நகர்ந்தது. ரெஜிலா கரையில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு வேதம் முழுக்கத் தெரியும், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள். அப்போது ஒரு வசனம் கூட வரவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் உதடு அசைந்தது.

வாளி கூரையைத் தொடுவதற்கு ஒரு கை தூரம் இருக்கும்போது ஷெட்டின் கிழக்குச் சுவர் உள்ளே சாய்ந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்தது. தேவகனி சறுக்கி விழுந்தாள். அவளுடைய இடது கால் கூரைக்கும் மிச்சச் சுவருக்கும் இடையில் சிக்கியது. ஞானசிங் அவளை அக்குளில் பிடித்து இழுத்த விதத்தையும், அபின் வாளியை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத் தூக்கி அந்தக் கூரையை நெம்பிய விதத்தையும் கரையில் நின்ற நூறு பேர் பார்த்தார்கள். காலை உருவி எடுக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

ஒன்றரை மணிக்குக் குளத்தில் ஏழடி இறங்கியிருந்தது. ரெஜிலா தெற்கே ஓடி வந்து மடையடியில் பார்த்தாள். மூன்று ஊற்றும் நின்றுவிட்டன. மூட்டை வட்டத்துக்குள் கிடந்த தண்ணீர் மெதுவாகத் தெளிந்துகொண்டிருந்தது. தாழவிளையில் ஒரு வீட்டுப் படியும் நனையவில்லை. பல்கீஸ் பீவி சன்னலைத் திறந்து, "இப்ப என்னாச்சு? ஒண்ணும் ஆவல்லியே," என்றாள். "சும்மா கெடந்த சனத்த மழையில இழுத்தடிச்சிய."

அன்று சாயங்காலம் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெஞ்சில் இருந்துகொண்டு, ரெஜிலா கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். மழை எவ்வளவு, குளத்துக்கு வந்த தண்ணீர் எவ்வளவு, பள்ளம் எப்போது விழுந்தது. தான் எழுதிக்கொடுத்தபடி ஆறு மீட்டரிலேயே வெட்டு நின்றிருந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு அடிதான் இறங்கியிருக்கும். மடை அதற்குள் போயிருக்கும். கை மீறி இருபத்திரண்டு மீட்டர் உடைந்ததால்தான் தாழவிளை தப்பியது. அதே இருபத்திரண்டு மீட்டர்தான் உள்ளே ஆபரேஷன் மேசையில் கிடக்கும் தேவகனியின் கால். கணக்குப் போட்ட தாளை அவள் மடித்து வைத்தாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞானசிங் உள்ளேயிருந்து வந்து அவள் முன்னால் நின்றார். "இடுப்புக்குக் கீழ எலும்பு ரெண்டு எடத்துல பொடிஞ்சு போச்சாம்," என்றார். "நடப்பாளான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியுமாம்." அதைச் சொல்லத்தான் வந்தார் என்பது போலத் திரும்பிப் போய்விட்டார்.

குறிப்பாணை ஒன்பதாம் நாள் வந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். மடையடியில் நின்று பார்த்தார். காய்ந்துபோன மூன்று குழிகளும் சரிந்த மூட்டைகளும் இருந்தன. உச்சியில் விழுந்த பள்ளத்தை மழை தூர்த்திருந்தது.

"எத்தனை மீட்டர் வெட்டச் சொன்னீங்க?"

"ஆறு."

"எத்தனை ஆச்சு?"

"இருபத்திரண்டு."

"மடைப் பக்கம் கரை உடைஞ்சுதா?"

"உடையல்ல சார். உடையக் கூடாதுன்னுதான்..."

"உடையல. இதுதான் என் கைல இருக்கிற உண்மை. உடைஞ்சிருக்கும்ங்கிறது உங்க அபிப்பிராயம்." அவர் பேனாவை மூடினார். "வீடியோ ஏதாவது இருக்கா?"

ஷஹீர் எடுத்த வீடியோ இருந்தது. இருபது பேர் மழையில் மூட்டை சுமப்பதும், ஓரத்தில் கொஞ்சம் கலங்கல் தண்ணீரும் அதில் தெரிந்தன. வேறு ஒன்றும் தெரியவில்லை. தாழவிளைக்காரர்களில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. தண்ணீர் வந்திருந்தால் வந்திருப்பார்கள்.

அவளைக் கீரிப்பாறைப் பக்கத்து ஒரு சிறிய பிரிவுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியவில்லை. கீழேலாவில் பயிர் இருந்த இடமெல்லாம் மணல். முதல் மூன்று வயலில் வரப்பு கூடத் தெரியவில்லை. குளம் வற்றியதால் மாசி மாதமே தாழவிளைக் கிணறுகளில் வாளி தரை தட்டியது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதற்கு அந்த எஞ்சினியர்தான் காரணம் என்று பல்கீஸ் பீவி உட்பட எல்லாரும் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. ரெஜிலா பஸ்ஸில் அந்த வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள் அம்மாவிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று வக்கீல் சொன்னார். விடவும் முடியவில்லை.

சித்திரையில் மடையைத் தோண்டிப் புதிதாகக் கட்ட அனுமதி வந்தது. அவள் எழுதி அனுப்பிய அதே கோப்புதான். தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள் ஞானதாசன் போன் செய்தார். "மேடம், நீங்க லீவு போட்டுட்டு வாங்க. இவனுவ மண்ணு போட்டு மூடுகதுக்கு முந்தி வாங்க."

அவள் போனபோது கரை மடைக்கு நேராகப் பிளந்து திறந்து கிடந்தது. கருங்கல் குழாயின் பக்கவாட்டில், கரையின் வயிற்றுக்குள், ஒரு குகை இருந்தது. மேலே பள்ளம் விழுந்த இடம் வரைக்கும் சரிந்து ஏறியிருந்தது. உள் பக்கம், குளத்துக்கும் பொந்துக்கும் இடையில் மிச்சமிருந்த மண், ஒரு முழ அகலம் கூட இல்லை. அவள் அந்த முழத்தின் மேல் கையை வைத்தாள். காய்ந்திருந்தது. விரலால் கீறினால் உதிர்ந்தது.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஞானதாசன் அவர்களுக்கும் சொல்லியிருந்தார் போலும். ஞானசிங் முதலில் இறங்கி, நாலு கால் வைத்த ஒரு நடைதாங்கியை எடுத்து வைத்தார். தேவகனி அதைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் வந்தாள். ஐந்தரை மாதத்தில் ரெஜிலா அவளைப் பார்ப்பது அது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் தேவகனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இதுதானா?" என்றாள் தேவகனி.

"ஆமாக்கா."

"எவ்வளவு நேரம் நின்னிருக்கும்?"

"தெரியாது. ஒரு மணிக்கூர். சிலப்போ அதுவும் இல்ல."

தேவகனி கீழே உள்ள வீடுகளைப் பார்த்தாள். பல்கீஸ் பீவி வீட்டு மொட்டைமாடியில் துணி காய்ந்தது. "பாக்கணும் பாக்கணும்னு இருந்தேன் மோளே. பாத்தா கொஞ்சம் ஒறக்கம் வரும்னு நெனச்சேன். கண்ண மூடினா அந்தச் செட்டு மேலதான் நிக்குதேன்." நடைதாங்கியை விளிம்பிலிருந்து திருப்பி வைத்தாள். "இனியும் வராது."

"எனக்கும் வராதுக்கா," என்றாள் ரெஜிலா.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். மூடிவிட்டால் இதுவும் ஒரு அபிப்பிராயம் ஆகிவிடும். ரெஜிலா செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். பொந்துக்குள் குனிந்து நுழைந்தாள். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஞானதாசனுக்கு முழங்கால் மடங்காது. யாராவது வாங்க என்று அவள் சொல்வதற்குள், ஞானசிங் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனார்.

"நாலு மீட்டர் பத்து," என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. பிறகு அகலம். பிறகு உயரம், மூன்று இடத்தில். ஒவ்வொன்றையும் அவள் எழுதினாள். ஞானதாசன் மேலே நின்று போட்டோ எடுத்தார். தோண்டிய ஆட்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞானசிங் வெளியே வந்து உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இது முடிஞ்சுதுல்லா. இனி வந்து எனக்க வயல்ல மண்ணு எவ்வளவு கெடக்குன்னு அளந்து எழுது."

"தனியார் வயல்ல மண்ணு எடுக்கத் துறையில வழியே இல்ல அண்ணாச்சி. நான் எழுதினா எடுப்பாங்களான்னு தெரியாது."

"எடுப்பியான்னு கேக்கல்ல. எழுதுன்னேன்."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் கரைமேல் வடக்கே நடந்தாள். தேவகனி வர முடியாது என்பதால் ஆட்டோவிலேயே இருந்தாள். கீழேலாவின் முதல் வயலில் இறங்கியபோது மணல் காலைச் சுட்டது. ஞானசிங் ஒரு கம்பியைக் குத்தி இறக்கினார். பழைய வயலின் கறுத்த மண் தட்டும்வரை இறக்கி, வெளியே எடுத்து, ஈரம் பட்ட அளவைக் காட்டினார். எண்பத்தெட்டு சென்டிமீட்டர். அவள் எழுதினாள். பத்தடி தள்ளி மறுபடி குத்தினார்.

வெயில் சாயும்வரை நாற்பத்தோரு இடத்தில் அளந்தார்கள்.